பின்னால் வரும் தண்ணீர்

நிற்கும். இந்தத் தடவையும் நிற்கும். நேற்று நின்றது, முந்தாநாள் நின்றது, இன்றைக்கு மட்டும் அதற்கு என்ன கேடு? நின்றுவிடு தாயே, நின்றுவிடு.

யாரைத் தாயே என்று கூப்பிடுகிறாள் என்பது அவளுக்கே தெரியாது. வண்டியையா, ரோட்டையா, வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிக்கொண்டு வரும் தண்ணீர் டேங்கையா? உதடு அசையாமல், முகம் மாறாமல், மடியில் வைத்த கை மடியிலேயே இருக்க, அவள் பாட்டுக்கு உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வலது கால் மட்டும் தன்னிஷ்டத்துக்கு முன்னால் போய், தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டை அழுத்தியது. அங்கே மிதிப்பதற்கு ஒன்றும் கிடையாது. ஓட்டுகிறவர் பக்கம்தான் எல்லாம் இருந்தது.

ஓட்டுகிறவர், அவள் வீட்டுக்காரர், பேசிக்கொண்டே வந்தார். இறக்கம் தொடங்கினால் அவருக்கு வாய் ஓயாது.

"அந்த ஹாஸ்டல் வார்டனைப் பாரேன். மூஞ்சியைக் கழுவவே ஒரு டேங்க் கேப்பான் போல. நேத்து என்னைப் பாத்து என்ன சொல்றான் தெரியுமா? உங்க தண்ணில குளிச்சா சோப்பு நுரைக்குதுங்கிறான். நுரைக்காம? கீழ இருக்கிறது உப்புக் கரைசல். நம்மது தேன்."

"ம்."

"என்ன ம்? தேனா இல்லையா?"

"தேன்தான். வளைவு வருது."

"வளைவு வராம நேரா போறதுக்கு இது என்ன ஓடுபாதையா?"

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி தணிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, முதுகில் யாரோ உள்ளங்கையை வைத்து நிதானமாகத் தள்ளுவதுபோல, பின்னாலிருந்து அது வந்தது. வந்துட்டா, என்று அவள் நினைத்துக்கொண்டாள். வண்டி நிற்கப் பார்க்கும்போதெல்லாம், நிற்கத் தெரியாத ஒருத்தி பின்னால் வந்து மோதிக்கொள்வாள். வண்டி ஒரு முழம் கூடுதலாக நகர்ந்து, முனகி, வளைவில் திரும்பியது. ஜன்னல் வழியே கருகிய வாசனை வந்தது. அவர் கண்ணாடியை ஏற்றினார்.

கரட்டுக் குன்றின் உச்சியில்தான் அவர்கள் வீடு. வீட்டு முற்றத்தில் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் நல்ல தண்ணீர் விழுந்தது. கீழே ஊரில் எங்கே தோண்டினாலும் உப்பு. கோடை முழுக்க ஹாஸ்டலுக்கும் கட்டட வேலை நடக்கிற இடங்களுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் இறக்குவதற்கு இந்தத் தண்ணீர்தான். முன்பு முதுகில் டேங்கைச் சுமக்கும் ஒரு மினி லாரி இருந்தது. அது செத்தபிறகு, ஊரைவிட்டுப் போன ஒரு கான்ட்ராக்டரிடம் இந்த எஸ்யூவியை வாங்கினார்கள். வெள்ளை நிறம், உயரம், ஏறுவதற்குப் படி. வாங்கிய அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "யானைடி இது. எதைக் கட்டினாலும் இழுக்கும்" என்றார்.

இழுத்தது. வெல்டர் பழைய இரும்புக் கடையில் ஒரு அச்சும் ரெண்டு சக்கரமும் பொறுக்கி, அதன்மேல் டேங்கைப் படுக்கவைத்து, கொக்கி வைத்துக் கொடுத்தான். காலி டேங்கைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறுவதைப் பார்த்தால் வண்டிக்குப் பின்னால் ஒன்றும் இல்லாததுபோலத்தான் இருக்கும். டேங்குக்கென்று தனியாக பிரேக் வேண்டுமென்று வெல்டர் அப்போதே கேட்டான். "அப்புறம் பாத்துக்கலாம், வண்டி பிரேக் போதும்" என்றார் இவர். இழுக்கிற வண்டி நிறுத்தாதா என்ன என்று அவருக்கு. அந்த 'அப்புறம்' போன கோடையைத் தாண்டி இந்தக் கோடைக்கு வந்திருந்தது.

ஹாஸ்டல் பாதி இறக்கத்தில் இருந்தது. அவள்தான் இறங்கி சக்கரத்துக்கு அடியில் கல்லை வைப்பாள். அதற்கென்றே ஒரு கருங்கல் உண்டு, ஒரு பக்கம் சரிவாக, ஆப்பு மாதிரி. பிறகு ஹோஸை இழுத்து, தொட்டியின் வாயில் திணித்து, வால்வைத் திறப்பாள். வார்டன் சட்டையில்லாமல், தோளில் துண்டோடு வந்து நின்றார்.

"தண்ணிக்காரம்மா, கொஞ்சம் கூட ஊத்துங்க. பசங்க எல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறானுங்களோ இல்லையோ, ஒரு நாளைக்கு மூணு வேளை குளிக்கிறானுங்க."

"பாதிதான் உங்களுக்கு. மீதி கீழ கட்டடத்துக்கு."

"கட்டடம் என்ன தாகத்துலயா சாகுது?"

"சிமெண்டுக்கும் தாகம் உண்டு சார்," என்றார் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. வார்டன் சிரித்தார். இவரும் சிரித்தார். அவள் வால்வை மூடிவிட்டு டேங்கின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டாள். உள்ளே தண்ணீர் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக உலாத்திக்கொண்டிருந்தது.

ஏறி உட்கார்ந்ததும் சொன்னாள். "பாதியா இருக்கும்போதுதாங்க ரொம்ப அடிக்குது."

"அடிக்குதா? யாரை அடிக்குது?"

"முழுசா இருந்தா ஆடுறதுக்கு இடம் இல்ல. இப்ப ஓடி வந்து மோதுது. எனக்கு முதுகுல தெரியுது."

"உனக்கு முதுகுல தெரியுதா! நல்லவேளை, கண்ணுல தெரியல." வண்டியை எடுத்தார். "பாதி பாரம் இறங்கிடுச்சு. இனிமே பஞ்சு மாதிரி போகும் பாரு."

பஞ்சு மாதிரிதான் போனது. அதனால்தான் அவர் கியரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். கடைசி வளைவைத் தாண்டி, கடைத்தெரு தொடங்குகிற இடத்தில், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் குறுக்கே வந்தாள். இவர் மிதித்தார். வண்டி நின்றது. வண்டி நின்றதும் அவர் இவளைத் திரும்பிப் பார்த்தார், பாத்தியா என்பதுபோல. அந்தப் பார்வை முடிவதற்குள் பின்னாலிருந்து வந்து மோதியது. உள்ளங்கை இல்லை இந்தத் தடவை, தோள். கொக்கி மடங்கியது. வண்டியின் பின்பக்கம் ஒரு பக்கமாகச் சுழன்றது. சைக்கிள்காரி கடைப் படியில் ஏறித் தப்பினாள். ஓட்டுகிறவர் பக்கக் கதவு, தெருவோரம் நின்ற கான்கிரீட் மெஷினில் போய் ஒட்டிக்கொண்டது.

டேங்க் கவிழவில்லை. வால்வு மட்டும் பிய்ந்து, மீதித் தண்ணீர் முழுவதும் தெருவில் ஓடியது. ஆட்கள் கதவை நெம்பி அவரை வெளியே எடுப்பதற்குள், பக்கத்து வீடுகளிலிருந்து வாளியும் குடமுமாகப் பெண்கள் வந்துவிட்டார்கள். யாரோ ஒருவன், நடந்தது என்னவென்று பார்ப்பதற்கு முன்னாலேயே கத்தினான்: "தண்ணிக்காரரே, இன்னைக்கு வீட்டு வாசல்லயே டெலிவரியா?" நாலு பேர் சிரித்தார்கள். அவர் முட்டியைப் பார்த்தபிறகு நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் இருக்கையிலேயே இருந்தாள். காலை எடுக்க முடியவில்லை. எலும்பு ஒன்றும் முறியவில்லை. தரையை அழுத்திய கால் அப்படியே விறைத்துப் போயிருந்தது. ஒருத்தர் வந்து பிடித்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

*

முட்டிக்கு மாவுக்கட்டு. தொடையிலிருந்து கணுக்கால் வரை. அவர் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடச் சொன்னார். அங்கிருந்து முற்றமும் கேட்டும் சரிவில் நின்ற டேங்கும் தெரியும். வெயில் ஏற ஏற போன் அடித்தது. வார்டன், கட்டட மேஸ்திரி, மறுபடியும் வார்டன். "நாளைக்கு வந்துடும், நாளைக்கு" என்று எல்லாரிடமும் சொன்னார். பேசி முடித்ததும் போனை மார்பில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்ப்பார்.

வெல்டர் வந்து கொக்கியை நிமிர்த்தி, இன்னொரு தகடு வைத்து ஒட்டினான். புது வால்வும் போட்டான். பிரேக்கைப் பற்றி அவள்தான் கேட்டாள்.

"இந்த அச்சுல போட முடியாதுக்கா. அச்சையே மாத்தணும். சொல்லிவெச்சு வரவழைக்கணும். எப்படியும் மழை வந்துடும்."

"மழை வந்தா எவனுக்குத் தண்ணி வேணும்?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "நீ கொக்கியைப் பாருப்பா."

கூலிக்கு ஒரு டிரைவரைக் கூப்பிட்டார்கள். பெரிய மீசை, பெரிய தொப்பை, லாரி ஓட்டிப் பழகியவன். வந்தவன் வண்டியைப் பார்த்துத் தலையாட்டினான். டேங்கைத் தட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து சக்கரங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தான். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"இதுக்கு பிரேக் எங்க?"

"வண்டில இருக்கு" என்றார் ஜன்னலிலிருந்து.

"வண்டில இருக்கு சரி. இதுல?"

"அதான் சொல்றனே, வண்டில இருக்கு. யானை மாதிரி வண்டி."

டிரைவர் அவளைப் பார்த்தான். அவள் டீ டம்ளரோடு நின்றிருந்தாள். "டீ வேணாம்மா" என்றான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனான், ஒருதடவையும் திரும்பாமல்.

"பயந்தாங்கொள்ளி. மீசையைப் பாரு, தொப்பையைப் பாரு!"

அவள் அந்த டீயைத் தானே குடித்தாள். எவ்வளவு சுலபமாகப் போய்விட்டான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. குனிந்தான், பார்த்தான், போனான். இத்தனை நாளாக அவளும் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். இப்படி ஒன்று செய்யலாம் என்று அவள் காலுக்குத் தெரியவே இல்லை.

மத்தியானம் சோறு ஊட்டாத குறையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அவர் சொன்னார்.

"குட்டி ஓட்டட்டும்."

குட்டி என்றால் மகள். படிப்பு முடிந்து, லைசன்ஸ் வாங்கி, எதற்கும் அழைப்பு வராமல் வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூட மைதானத்தில் காலி டேங்கைக் கட்டிக்கொடுத்து அவர்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்.

அவள் தட்டில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்தாள். "சின்னப் பொண்ணுங்க."

"என்ன சின்னப் பொண்ணு? அந்த டேங்கை ரிவர்ஸ்ல எடுக்கிறா பாத்திருக்கியா? எவன் எடுப்பான் அப்படி? அந்த மீசைக்காரனை எடுக்கச் சொல்லு பாப்போம்."

"அது மைதானம். தரை. காலி டேங்க்."

"அதான் நீ இருக்கியே."

"நான் என்ன பண்ணுவேன்? எனக்கு ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பணும்னுகூடத் தெரியாது."

"திருப்ப வேணாம். பக்கத்துல உட்காரு, போதும். ஒவ்வொரு வளைவும் உனக்கு மனப்பாடம். எங்க பிடிக்கணும், எங்க விடணும்னு சொல்லு. நீ பக்கத்துல இருந்தா அவளுக்குப் பயம் வராது."

"உங்களுக்கே நிக்கலையே."

 அவர் சோற்றைப் பிசைந்தார். பிசைந்துகொண்டே இருந்தார்.

"அது பாதி டேங்க். நீதானே சொன்ன, பாதிதான் அடிக்கும்னு? இனிமே முழு டேங்கா ஒரே இடத்துல இறக்கிடலாம். லோ கியர்ல போகட்டும். நடக்கிற வேகத்துல போகட்டும். யாரு கேக்கப் போறா?"

ஒரு வருஷமாக அவள் சொன்னதில் ஒன்றே ஒன்றை அவர் காதில் வாங்கியிருந்தார். அதையும் இதற்காகத்தான் வைத்திருந்தார் போல. அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ரெண்டுமே வெளியே வரவில்லை.

"முழு டேங்க்னா பாரம் ஜாஸ்தி. பிரேக் சூடாகி இளகிடும். கருகல் வாசனை வருதே, நீங்க கண்ணாடியை ஏத்துவீங்களே..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் கண்ணாடியைக் கவனித்திருப்பாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

"எனக்கு மட்டும் பயம் இல்லைன்னு நினைச்சியா?" என்றார் மெதுவாக. "பேசிக்கிட்டே வந்தா இறக்கம் தெரியாது. அவ்வளவுதான். குட்டிகிட்டயும் பேசிக்கிட்டே போ."

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. வார்டன் சோப்பு, சிமெண்டுத் தாகம், தேன், யானை. அத்தனை பேச்சும் அவருடைய கால். அவருக்கு ஒரு பிரேக் இருந்தும், இல்லாத இன்னொன்றைத்தான் அவரும் மிதித்துக்கொண்டே இறங்கியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே வண்டியில், ஆளுக்கொரு பயத்தை மறைத்துக்கொண்டு, தினம் தினம். ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மற்றவரும் சொல்லியிருப்பாரோ என்னவோ.

"தனியா அனுப்புறதுக்கு நான் என்ன கல்லா?" என்றார் அவர். "நீ போறேன்னாத்தான் அனுப்புவேன். நீ இல்லாம அவ இந்தக் கேட்டைத் தாண்ட மாட்டா. இது என் வார்த்தை."

பாரத்தைத் தூக்கி அவள் மடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

*

சாயங்காலம் மகள் வண்டியைக் கழுவினாள். பாட்டுப் பாடிக்கொண்டு, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு. நசுங்கிய கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதன்மேலும் சோப்புப் போட்டாள்.

"அம்மா, நாளைக்கு நான் டிரைவர், நீ கிளீனர். சரியா வேலை பாக்கலைன்னா மாத்திடுவேன்."

"மாத்து. சந்தோஷமா போயிடுறேன்."

"ஐயோ, கோவமா?"

"உனக்குப் பயமா இல்லையாடி?"

"அப்பா படுத்துட்டார். வேற யாரு இருக்கா?" கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இருவருக்கும் தெரிந்தது. மகள் வண்டித் தரையில் கிடந்த ரப்பர் மேட்டுகளை உதறுவதற்காக எடுத்தாள். ஒன்றை வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது, எலி கடிச்சிருக்கா?"

ரப்பரில் முன்பக்கமாக, குதிகாலுக்கு ஒன்றும் விரல்களுக்கு ஒன்றுமாக, இரண்டு பள்ளம். விரல் பள்ளம் தேய்ந்து தேய்ந்து ஓட்டை விழுந்து, அதன் வழியே வெளிச்சம் தெரிந்தது.

"எந்தப் பக்கத்து மேட்டு அது?" என்று அவள் கேட்டாள், தெரிந்துகொண்டே.

"உன் பக்கம். டிரைவர் பக்கம் புதுசு மாதிரி இருக்கு. உன் பக்கம் மட்டும்..." மகள் நிறுத்தினாள். மேட்டைத் தரையில் போட்டு, தன் வெறுங்காலை அந்தப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தாள். காலளவு ஒன்றாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள். பிறகு காலை எடுத்துவிட்டு ஹோஸைப் பிடித்து, ரொம்ப நேரம் ஒரே இடத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். பாட்டு நின்றிருந்தது.

"அம்மா."

"சொல்லு."

"நீ வருவல்ல?"

 வருவேன் என்று சொன்னால் குழந்தைக்குத் தைரியம் வரும். அந்தத் தைரியத்தில்தான் கேட்டைத் தாண்டுவாள். வரமாட்டேன் என்று சொன்னால் கீழே ஹாஸ்டல், கட்டடம், கட்டிலில் கிடக்கிற மனுஷன், எல்லாம் அவள் ஒருத்தியால் என்று ஆகும். உலை கொதிக்கிறது என்று உள்ளே போனாள். அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை என்பது உள்ளே போனபிறகுதான் தெரிந்தது.

*

காலையில் டேங்க் நிறைந்தது. நிறைகிறபோது முதலில் இரும்பு முழங்கும், பிறகு குரல் தணியும், கடைசியில் மூடி வழியே ஒரு கொப்பளிப்பு. மோட்டாரை நிறுத்தினாள். சரிவில் நின்ற டேங்கின் எடை முழுவதும் அந்தக் கருங்கல்லின்மேல் சாய்ந்திருந்தது. மகள் வண்டியைப் பின்னால் எடுத்து ஒரே முயற்சியில் கொக்கியைச் சேர்த்தாள்.

"பாத்தியா? பாத்தியா?" ஜன்னலில் அவர் குரல் குழந்தைபோல் துள்ளியது. "ஒரு நூல் தப்பல!"

மகள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள்.  பக்கத்து இருக்கையின் கதவு திறந்திருந்தது. தரையில் ஓட்டை மேட்டைப் பழையபடி விரித்திருந்தாள்.

"அம்மா, கல்லை எடுத்துட்டு ஏறு."

"லோ கியர்! மறக்காதே!" என்றார் அவர். "நீ அவகிட்டப் பேசிக்கிட்டே போ, என்ன? ஹாஸ்டல் கதை ஏதாவது சொல்லு. வார்டன் கதை சொல்லு."

அவள் டேங்கின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போனாள். குனிந்தாள். தினமும் செய்கிற வேலை: கல்லை இழுத்து, வண்டிக்குள் பின்பக்கம் போட்டு, கையைச் சேலையில் துடைத்து, ஏறி உட்காருவது. கல் சில்லென்று இருந்தது. டேங்கிலிருந்து வழிந்த தண்ணீர் அதை நனைத்திருந்தது. கை அதன்மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

நிற்கும், இந்தத் தடவையும் நிற்கும் என்று சொல்லிப் பார்த்தாள். உள்ளுக்குள் அந்தக் குரல் வரவில்லை. கெஞ்சுவதற்கு யாரும் இல்லாமல் போயிருந்தது.

கையை எடுத்தாள். நிமிர்ந்தாள்.

"என்ன ஆச்சு? கல்லு மாட்டிக்கிச்சா?"

"இல்ல."

"பின்ன எடு."

"எடுக்கலைங்க."

"என்னது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. தேன்தான், வளைவு வருது என்று சொல்கிற அதே குரலில் இன்னொரு தடவை சொன்னாள். "எடுக்கலை."

ஜன்னலில் அவர் கம்பியைப் பிடித்து எழப் பார்த்து, முடியாமல் விழுந்தார். "கீழ எல்லாரும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறானுங்க. இப்பப் போய்... ஏய், உன்கிட்டத்தான் பேசுறேன். குட்டி, நீ இறங்கி எடும்மா அந்தக் கல்லை."

மகள் பக்கத்து இருக்கையைத் தாண்டி, திறந்திருந்த கதவு வழியே இறங்கிவந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு கீழே பார்த்தாள்.

அவள் செருப்பை உதறிவிட்டு, வலது காலைக் கல்லின்மேல் வைத்திருந்தாள். வைத்து, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள். டேங்குக்குள் தண்ணீர் ஒருதரம் புரண்டு, சுவரில் முட்டி, அடங்கியது.

"அம்மா, காலை எடு" என்றாள் மகள், எடுத்துவிடாதே என்று கேட்பதுபோல.

அவள் எடுக்கவில்லை. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். காலுக்கு அடியில் இந்தத் தடவை ஏதோ இருந்தது.